குழாயில் பொருத்தும் சிறு நீர்வடிகட்டி

தெற்கு அந்தமானில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. இது சென்னை நகரம் பெறும் மழையைவிட இரு மடங்குக்கு மேற்பட்டதாகும். எனினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் இத்தீவின் குடும்பங்கள் தண்ணீரை அளந்தே செலவிட வேண்டியுள்ளது. நிலம் சரிவானது, அடியிலுள்ள பாறை நீரை மிகுதியாகத் தேக்கி வைப்பதில்லை, பெய்த மழையில் பெரும்பகுதி விரைந்து கடலை அடைந்துவிடுகின்றது. போர்ட் பிளேர் என வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகருக்குத் தானிக்காரி அணையே முதன்மையான நீராதாரம். வறட்சி மிகுந்த காலங்களில் நகர்ப் பகுதிக்கு நாள் இடைவெளி விட்டே குழாய் நீர் விடப்படுவதுண்டு.

தலைநகரை அடுத்த டாலிகஞ்ச் போன்ற ஊர்களில், கிடைக்கும் நீரைத் தொட்டியில் சேமித்து, அத்தொட்டியினின்று வீட்டுக் குழாய்க்குக் கொண்டு வருவதே இத்தகைய விநியோகத்துக்கு ஏற்ற வழியாகும். இங்கு இரு தொல்லைகள் எழுகின்றன. மழைக் காலத்தில் ஓடைகள் களிமண்ணைக் கரைத்துக் கொண்டு வருகின்றன. நீர் விடப்படாத வேளையில் குழாய்கள் காலியாகக் கிடப்பதால், கசிவுள்ள இணைப்புகளின் வழியே மண்ணிலுள்ள அழுக்கு நீர் உட்புகக்கூடும். நீர் மீண்டும் விடப்படும்பொழுது இவ்வழுக்கு முதலில் வீட்டுத் தொட்டியையே வந்தடையும்.

ஆகவே, குழாயின் வாயில் திருகிப் பொருத்தக்கூடிய சிறு வடிகட்டியைப் பலரும் நாடுகின்றனர். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. இடமும் அதிகம் பிடிப்பதில்லை. ஆனால் அதன் சிறுமையே அதன் எல்லையையும் வகுக்கின்றது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறியாமல் நம்பினால், அதன் பலனை முதலில் அனுபவிப்பவர்கள் வீட்டிலுள்ள சிறு குழந்தைகளே.

குழாய் வடிகட்டியின் தோற்றம்

பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் சாம்பர்லாந்து, 1884-ஆம் ஆண்டில் மெருகிடாத பீங்கானால் ஒரு வடிகட்டியை அமைத்தார். ஒரு முனை மூடிய நீண்ட குழல் வடிவான இப்பீங்கான், குழாயுடன் திருகப்பட்ட ஓர் உலோக உறையினுள் இருந்தது. குழாய் நீரின் அழுத்தத்தால் நீர் பீங்கானின் நுண்துளைகள் வழியே உட்சென்று தெளிந்து வெளிவந்தது. கிருமிகள் வெளிப்புறத்தில் தங்கிவிட்டன. மெழுகுவர்த்தியை ஒத்த வடிவினால் இதற்கு ‘கேண்டில்’ என்ற பெயர் ஏற்பட்டது. இன்றைய வீட்டு வடிகட்டிகளின் கேண்டில் இதன் வழிவந்ததே.

1892-இல் ருஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றை இவ்வகை வடிகட்டியில் செலுத்தினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸ் எனும் நுண்பொருளைப் பற்றிய அறிவு இங்கிருந்தே வளர்ந்தது. பீங்கான் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுத்தாலும் வைரஸைத் தடுக்காது என்ற உண்மையும் இப்பரிசோதனையில் அடங்கியுள்ளது.

பரப்பும் அழுத்தமும்

ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1856-இல் வெளியிட்ட விதி, எல்லா வடிகட்டிகளுக்கும் பொருந்தும். வடியும் நீரின் அளவு, வடிகட்டும் பரப்புக்கும் அழுத்தத்துக்கும் நேர் விகிதத்திலும், வடிகட்டும் படலத்தின் கனத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். துளைகள் நுண்மையாக நுண்மையாக நீரோட்டம் வெகுவாகக் குறையும்.

கேண்டில் வடிவத்தின் பயன் இதனால் விளங்கும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான வட்ட வில்லையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். அதே விட்டத்தில் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் பக்கப் பரப்போ ஏறத்தாழ 236 சதுர சென்டிமீட்டர். அதாவது பன்னிரண்டு மடங்கு. பரப்பை மேலும் பெருக்க, வைக்கோல் தாள்போல் உட்புறம் வெறுமையான மெல்லிழைகளைக் கட்டாகச் சேர்க்கும் முறை வந்தது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த, 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 சென்டிமீட்டர் நீள இழைகள் ஆயிரம் சேர்ந்தால், உள்ளங்கையில் அடங்கும் உறைக்குள் 1,250 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிட்டும். ஜப்பானில் 1980-களில் இத்தகைய குழாய் வடிகட்டிகள் வீடுகளை அடைந்தன.

நம் நாட்டில், டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், நுண்துளைக் குழலின் வெளிப்புறத்தில் பாலிசல்ஃபோன் என்னும் பொருளால் மெல்லிய சவ்வைப் பூசிய கேண்டிலை உருவாக்கியுள்ளது. இது கலங்கலை நீக்கி, பாக்டீரியாவைப் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக்குகின்றது. பத்து அங்குல நீளமுள்ள இக்கேண்டில், சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தத்தில் நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் நீர் தருகின்றது.

சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு என்பது 3.5 மீட்டர் உயர நீர்க்கம்பத்தின் அழுத்தமாகும். ஒரு மாடி இல்லாத வீட்டில், கூரைத் தொட்டியின் நீர்மட்டம் குழாயினின்று 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மேற்கூறிய விதிப்படி 40 லிட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 34 லிட்டரே கிடைக்கும். தொட்டியை அரை மீட்டர் உயரமான மேடையில் ஏற்றினால் முழு அளவும் கிட்டும். நாளுக்கு 40 லிட்டர் என்றாலும் ஒரு தம்ளர் நிறைய ஏழு நிமிடங்கள் செல்லும் என்பதை மறத்தலாகாது. எனவே இத்தகைய வடிகட்டியின் கீழ் மூடியுள்ள தூய பாத்திரத்தை வைத்து, இரவும் பகலும் மெதுவாக வடியவிடுதலே முறை. குழாயைத் திறந்தவுடன் வேகமாக நீர் தரும் சாதனம் ஒன்றைக் கண்டால், அதன் துளை நுண்மையானதா, பரப்பு போதியதா என்று வினவுதல் வேண்டும்.

கரியின் வேலை

பல குழாய் வடிகட்டிகளில் உள்ள பொருள், தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றினின்று தயாரித்த கிளர்வூட்டிய கரியேயாகும். இக்கரி தன் நுண்துளைப் பரப்பில் குளோரினையும் வாசனைப் பொருள்களையும் சுவையைக் கெடுக்கும் சில இரசாயனங்களையும் பற்றிக்கொள்ளும். இதற்கு அவகாசம் வேண்டும். உறையில் 150 மில்லிலிட்டர் கரி இருக்க, நிமிடத்துக்கு 2 லிட்டர் நீர் பாய்ந்தால், நீர் கரிப் படுகையைக் கடக்கும் நேரம் நாலரை வினாடியே. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டராகக் குறைத்தால் அது அரை நிமிடமாகும்.

கரி கிருமிகளைக் கொல்வதில்லை. மாறாக, குழாய் நீரைக் காத்து நிற்கும் குளோரினை அது நீக்கிவிடுகின்றது. இந்தியத் தரநிர்ணயம் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டுமென்கிறது. அக்குளோரின் அற்ற ஈரக் கரியில், தீவின் வெப்பத்தில், நாள் கணக்கில் நீர் அசையாது நின்றால் பாக்டீரியா பெருகும். வெள்ளி கலந்த கரி இதைக் குறைக்குமேயன்றி முற்றும் தடுக்காது.

விட்டுவிட்டு வரும் நீருக்கேற்ற அமைப்பு

மேற்கூறியவற்றினின்று, டாலிகஞ்ச் போன்ற இடத்துக்குரிய வடிகட்டியின் இலக்கணங்களை வகுக்கலாம்.

முதலாவது, வடிகட்டியைத் தெருக் குழாயுடன் நேரே இணைக்காமல், தொட்டியினின்று வரும் குழாயில் பொருத்துதல் நன்று. அழுத்தம் சீராக இருக்கும். முதலில் வரும் கலங்கல் நீரைத் தொட்டிக்குள் விடாது வெளியேற்றவும் இயலும்.

இரண்டாவது, வடிகட்டியின் தலைப்பில் இரு வழித் திருப்பு தேவை. பாத்திரம் கழுவும் நீர் வடிகட்டியைக் கடவாமல் நேரே செல்லவும், குடிநீர் மட்டும் அதன் வழியே செல்லவும் வேண்டும். இதனால் கேண்டிலின் ஆயுள் பன்மடங்கு நீளும்.

மூன்றாவது, மண்ணை முன்னரே நீக்குதல் அவசியம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் களிமண் உள்ள நீரில் 40 லிட்டரை வடித்தால், ஒரே நாளில் 0.8 கிராம் மண் கேண்டிலின் மேல் படியும். ஒரு வாரத்தில் அது ஐந்து கிராமுக்கு மேலாகும். நீரோட்டம் அதற்கு முன்பே குன்றிவிடும். படிகாரத்தால் தெளியவைத்து ஊற்றுவதும், முன்னால் கழற்றிக் கழுவத்தக்க துணி அல்லது வலை வைப்பதும் பயன் தரும். தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கலைப் படியவைக்கும் பழந்தமிழ் வழக்கமும் இதே தத்துவத்தைச் சார்ந்தது.

நான்காவது, குளோரின் தொட்டியிலும், கரி கடைசியிலும் அமைதல் வேண்டும். குளோரின் அரை மணி நேரமேனும் நீரில் தங்கிய பின்னரே கரி அதை நீக்கலாம். கரியைக் கடந்த நீரை நெடுநேரம் சேமித்தலாகாது.

ஐந்தாவது, உறை கையால் திறக்கத்தக்கதாகவும், வாஷர் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் அளவினதாகவும் இருத்தல் வேண்டும். வாஷர் சரியாகப் பொருந்தாவிடில் நீர் கேண்டிலைச் சுற்றிக் கொண்டு வடியாமலே வெளிவரும்.

வடிகட்டியால் ஆகாதவை

கரைந்த உப்பை இவ்வடிகட்டிகளுள் எதுவும் நீக்காது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப் பின் அந்தமானின் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. அத்தகைய நீருக்குக் குழாய் வடிகட்டி பயன்படாது. உப்பைப் பிரிக்கும் சவ்வுக்கு உயர்ந்த அழுத்தமும் பம்பும் வேண்டும். கடல்நீரில் மட்டும், அதன் இயற்கையான சவ்வூடு அழுத்தத்தை வெல்லவே ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தம் தேவை.

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கைப் போன்றது. பீங்கான் கேண்டிலின் துளைகள் அதைவிட மிகப் பெரியவை. எனவே நோய் பரவும் காலத்தில் வடித்த நீரையும் நன்கு கொதிக்கவைத்தே அருந்துதல் வேண்டும்.

பரீட்சையும் பராமரிப்பும்

பீங்கான் கேண்டிலில் விரிசல் உண்டா என்பதை ஆசிரியர் வகுப்பிலேயே காட்டலாம். கேண்டிலை நீரில் ஊறவைத்து, அமிழ்ந்த நிலையிலேயே அதன் வாயில் ரப்பர்க் குழாய் பொருத்தி மெதுவாக ஊதினால், நல்ல கேண்டிலினின்று குமிழிகள் வாரா. நுண்துளைகளில் உள்ள நீரை அச்சிறு அழுத்தம் வெளியேற்றாது. ஓரிடத்தில் மட்டும் குமிழிகள் தொடராக எழுந்தால் அங்கே விரிசல் உள்ளது. அக்கேண்டிலைக் கழித்துவிட வேண்டும். சோதித்த கேண்டிலைக் கொதிநீரில் இட்ட பின்னரே மீண்டும் பொருத்தலாம்.

வடிந்த நீரில் மலக் கிருமி கலப்பு உண்டா என அறிய, ஹைடிரஜன் சல்ஃபைடு குப்பிச் சோதனை எளியது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மாஞ்சா முதலிய விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட முறை இது. நீரைக் குப்பியில் நிரப்பி ஒரிரு நாள் சாதாரண வெப்பத்தில் வைத்தால், மாசுள்ள நீர் கறுக்கும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு மாதிரிகளை ஒருங்கே வைத்து ஒப்பிடுதல் சிறந்தது. பின்னெடுத்தது கறுத்து முன்னெடுத்தது தெளிவாயிருப்பின், வடிகட்டியே அழுக்குற்றிருக்கிறதென ஐயுறுதல் வேண்டும்.

பீங்கான் கேண்டிலை ஓடும் நீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்து, தண்ணீரிலிட்டுப் படிப்படியாகச் சூடேற்றிக் கொதிக்கவிடலாம், சோப்பு கூடாது. சவ்வுக் கேண்டிலைத் தூரிகையால் தேய்ப்பதும் கொதிக்கவைப்பதும் அதைக் கெடுக்கும். மென்பஞ்சினால் துடைத்து, உலரவிடாமல் வைத்தல் வேண்டும். கரியைக் கழுவிப் புதுப்பிக்க இயலாது. குறித்த காலத்தில் மாற்றவேண்டும். நீர் நின்றிருந்த நாள்களுக்குப் பின் முதலில் வடியும் சில லிட்டரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

கேண்டில் பொருத்திய தேதி, கழுவிய தேதி, மாற்றிய தேதி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் குழாயருகே மாட்டும் பழக்கத்தைக் களப்பணியாளர்கள் வீடுதோறும் ஏற்படுத்தலாம். அட்டையில் தேதி எழுதப்படாத வீட்டில், வடிகட்டியைச் சோதித்து அறியும் வரை நீரைக் கொதிக்கவைத்துப் பருகச் சொல்வதே பொருத்தமாகும்.