நாயின் கயிறும் தாயின் சினமும்



நீலகிரி மாவட்டத்தில், கோத்தகிரியை அடுத்த ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் மணி என்னும் நாயை வளர்த்து வந்தேன். ஒரு நாள் அந்திப் பொழுதில், தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அதனைக் கயிறின்றி உடன் அழைத்துச் சென்றேன். மணி ஒரு புதரை மோந்து, குரைத்தவாறு உள்ளே பாய்ந்தது. மறுகணமே கரடி ஒன்று உறுமிக்கொண்டு வெளிப்பட்டது. அதன் முதுகில் இரண்டு குட்டிகள்!

அஞ்சிய மணி என்னை நோக்கி ஓடி வந்தது. கரடியும் தொடர்ந்து வந்தது. நான் ஓடாமல் மெல்லப் பின்வாங்கினேன். நல்லூழாகக் கரடி திரும்பிற்று. ஆனால் மணியோ துணிவுற்று மீண்டும் அதனைத் துரத்திச் சென்றது. மறுநாள் அதன் உடலைத்தான் கண்டோம்.

பிழை யாருடையது? கரடியுடையதன்று. நம் நாட்டுக் கரடி தன் குட்டிகளைப் பல மாதங்கள் முதுகில் சுமந்தே வளர்க்கிறது. காட்டுப்பன்றி புல்லையும் தழையையும் குவித்து அதனுள் ஈனுகிறது. யானைக் கூட்டம் கன்றைத் தம்மிடையே நிறுத்திக் காக்கிறது. செந்நாய்கள் கூட்டமாக வேட்டையாடும் காட்டில், குரைத்து வரும் வீட்டு நாயும் தாய் விலங்கின் கண்ணுக்குப் பகையாகவே தோன்றும். மணியும் தன் இயல்பின்படியே நடந்தது. அறிந்து நடக்க வேண்டியவன் நானே.

ஆதலின் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். காட்டோரத்தில் நாயைக் கயிற்றில் பிடித்தே செல்லுங்கள். அஞ்சிய நாய் தன்னைத் துரத்தும் விலங்கையும் உங்களிடமே அழைத்து வரும் என்பதை மறவாதீர். விடியலிலும் அந்தியிலும் புதர்ப் பக்கம் செல்லாதீர். இரவில் நாயை வீட்டினுள் வைத்துக்கொள்ளுங்கள். குட்டியைக் கண்டால் தாய் அருகிலேயே இருக்கும் எனக் கருதி, நாயை இழுத்துக்கொண்டு வந்த வழியே மெல்ல விலகுங்கள். கல்லெறியவோ கூச்சலிடவோ வேண்டா. புல்லிடையே அசையாது கிடக்கும் மான்கன்று கைவிடப்பட்டதன்று. மேயச் சென்ற தாய் அதனிடம் திரும்பி வரும். அதனை நாய் நெருங்கவும் விடாதீர், நீங்களும் தொடாதீர். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் நாய்க்குத் தவறாது போடுங்கள். அது நாய்க்கும் காவல், காட்டுயிர்க்கும் காவல்.

கயிறு நாயின் உரிமையைப் பறிப்பதாக அன்று நான் எண்ணியிருந்தேன். அது நாயின் உயிரையும், நம் உயிரையும், ஒரு தாயின் அமைதியையும் காப்பது என்பதை மணியை இழந்த பின்னரே கற்றேன். நீங்கள் அதனை இழப்பின்றியே கற்றுக்கொள்ளுங்கள்.