ஸ்பார்க் பிளக்கை மாற்றினால் சக்தி கூடுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

பஞ்சாலைகளும் பம்புசெட்டுத் தொழிற்சாலைகளும் நிறைந்த நம் கோவையில் இயந்திரங்களைப் பற்றிப் பேசாத வீடு இல்லை எனலாம். இம்மண்ணில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார் என்று படித்திருக்கிறோம். பிறகு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். பிறர் சொன்னதோடு நில்லாமல் பிரித்துப் பார்க்கும் அந்த ஆசை எங்களுக்கும் வந்தது. அதற்குக் காரணம் ஒரு சிறு ஸ்பார்க் பிளக்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையார் தினமும் விடியற்காலையில் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். ஒருநாள் உதிரிபாகக் கடை ஒன்றில், நான்கு முனைகள் கொண்ட பளபளப்பான பிளக்கைக் காட்டி, "இதைப் போட்டால் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடும்" என்று கூறினார்களாம். விலை 650 ரூபாய். சாதாரண பிளக்கின் விலை 110 ரூபாய்தான். அவர் அதை வாங்கிப் பூட்டினார். வண்டியும் முன்னைவிட நன்றாகவே ஓடியது. மகிழ்ந்துபோன அவர், தம் தம்பிக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று வாங்கச் சொல்லிவிட்டார். தோழி இதை வகுப்பில் சொன்னபோது, "நான்கு முனை இருந்தால் சக்தி எங்கிருந்து வரும்?" என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை கேட்டார்கள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

பிளக்கின் வேலை என்ன?

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் செல்கின்றன. எடையில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பிஸ்டன் மேலெழுந்து இக்கலவையை அழுத்துகிறது. அச்சமயம் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் பிளக்கின் நடுமுனைக்கு வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாயும்போது பொறி பறக்கிறது. கலவை தீப்பற்றி, சூடான வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டி ஓடுகிறது.

ஆகவே வண்டியை ஓட்டும் சக்தி பெட்ரோலில் இருக்கிறது. பொறி அதைத் துவக்கி வைக்கிறது, அவ்வளவே. ஒருமுறை எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் பொறியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அடுப்பில் காய்ந்த விறகை அடுக்கிவிட்டோம். அதை ஒரு தீக்குச்சியால் பற்ற வைத்தாலும் நான்கு தீக்குச்சியால் பற்ற வைத்தாலும், அதே விறகு அதே சோற்றைத்தான் வேக வைக்கும். குச்சி நமத்துப்போய்ப் பற்றாமல் இருந்தால்தான் தொல்லை.

நான்கு முனை, ஒரு பொறி

நான்கு முனை இருந்தால் நான்கு பொறி பறக்கும் என்று நாங்களும் எண்ணினோம். அப்படி நடப்பதில்லை. மின்சாரம் எளிதான வழியைத் தேடிப் பாய்வது. அந்தக் கணத்தில் எந்த முனை தாண்டுவதற்கு எளிதோ, அந்த ஒன்றுக்கே பொறி பாயும். தேய்மானம் நான்கு முனைகளுக்கும் பங்கிடப்படுவதால் பிளக் நீண்ட நாள் உழைக்கும். அது மெய்யான நன்மையே.

இரிடியம் பிளக்கும் அவ்வாறே. சாதாரண பிளக்கில் உள்ள நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியமோ 2446 டிகிரி வரை தாங்கும். எனவே முனையை ஊசிபோல் மெல்லியதாகச் செய்யலாம். குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி வரும், தேய்வதும் குறைவு. ஆனால் நல்ல நிலையில் உள்ள சாதாரண பிளக் ஒருமுறையும் தவறாமல் தீ மூட்டும்போது, அதற்கு மேல் கூடுதலாக மூட்ட என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் "ஸ்பிளிட்ஃபயர்" என்ற பிளக் பெயர் பெற்றிருந்தது. அதன் முனை கவைபோல் இரண்டாகப் பிளந்திருக்கும். எரிபொருள் மிச்சமாகும், சக்தி கூடும் என்ற விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தக்க ஆதாரமின்றி அவ்வாறு விளம்பரம் செய்யக்கூடாது என 1997-இல் உத்தரவாயிற்று.

எங்கள் சோதனை

படித்தது போதாது, பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை தோழியின் தோட்டத்துக்குச் சென்றோம். மெக்கானிக் அண்ணன் ஒருவர், டேங்க் பெட்ரோலை நிறுத்திவிட்டு, ஓர் அளவுக் குப்பியிலிருந்து கார்புரேட்டருக்கு ரப்பர் குழாய் பொருத்தினார். ஒவ்வொரு முறையும் 200 மில்லி பெட்ரோல். அதே சாலை, அதே சுமை, அதே வேகம். தந்தையார் ஓட்டினார். வண்டி நின்ற இடத்தைச் சாலையோரக் கற்களைக் கொண்டு குறித்துக்கொண்டோம்.

கழற்றி வைத்திருந்த பழைய பிளக்கில் வண்டி 9.2 கிலோமீட்டர் ஓடியது. நான்கு முனைப் பிளக்கில் 10.4 கிலோமீட்டர். தந்தையார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எங்களுக்கு முகம் வாடிவிட்டது.

அப்போது மெக்கானிக் அண்ணன், "புதுசை எதோட ஒப்பிடறீங்க? பழசோடதானே!" என்றார். உடனே 110 ரூபாய்க்குப் புதிய சாதாரண பிளக் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். முதல் முறை 10.4 கிலோமீட்டர், மறுமுறை 10.6!

உண்மை விளங்கிவிட்டது. அது பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. ஆகவே பழைய பிளக்கில் கரி படிந்து, முனை தேய்ந்து, பொறி அடிக்கடி தவறியிருக்கிறது. வண்டிக்குத் தேவைப்பட்டது ஒரு புதிய பிளக். அது எந்தப் பிளக்காக இருந்தாலும் போதுமாயிருந்தது.

இதைத் தந்தையிடம் சொல்லத் தோழி மிகவும் தயங்கினாள். ஊராரிடம் அவர் சொல்லியாயிற்றே! அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காசு போனாப் போகுது கண்ணு. நான் சொல்லி நாலு பேரு வாங்காம இருக்கோணுமல்லோ" என்று கூறிவிட்டு, அப்போதே தம்பிக்குப் போன் செய்தார்.

இரண்டு பிளக் வழக்கு

அப்படியானால் பிளக்கில் புதுமையே பயன்படாதா? பயன்படும். பஜாஜ் நிறுவனம் 2003-இல் பல்சர் பைக்கில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தது. இரண்டு பக்கமும் தீப்பற்றுவதால் கலவை விரைந்து எரியும். நம் மாநிலத்து ஓசூரில் உள்ள டிவிஎஸ் நிறுவனம் 2007-இல் இரண்டு பிளக் கொண்ட ஃபிளேம் பைக்கை அறிமுகம் செய்தபோது, தன் காப்புரிமை மீறப்பட்டது என்று பஜாஜ் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2008-இல் இடைக்காலத் தடை வந்தது, 2009-இல் அது நீங்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று.

இரு பெரிய நிறுவனங்கள் வழக்காடும் அளவுக்கு அதில் பொருள் இருந்தது. ஏனெனில் அது எஞ்சினோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. கடையில் வாங்கி மாட்டும் பொருளால் எஞ்சினின் வடிவம் மாறிவிடாது.

முடிவுரை

பெற்றோர்களே, தோழியரே! வண்டியோடு தந்த புத்தகத்தில் குறித்துள்ள பிளக்கையே வாங்குங்கள். வெப்ப அளவு மாறிய பிளக் எஞ்சினைக் கெடுக்கக்கூடும். உரிய காலத்தில் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கறுத்திருந்தாலும் வெளுத்திருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். யாரேனும் "இதைப் போட்டதும் மாற்றம் தெரிகிறது" என்றால், "எதோடு ஒப்பிட்டு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். 540 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நாங்கள் கற்ற பாடம் அதுவே.