செவியால் வாசிக்கும் மாணாக்கர்

கண்ணால் வாசிப்பதே வாசிப்பென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். விரலால் வாசிப்போரும் செவியால் வாசிப்போரும் நம்மிடையே உளர். 1809 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிற் பிறந்த லூயி பிரெயில், மூன்றாம் வயதில் நேர்ந்த விபத்தொன்றினாற் பார்வையை இழக்கலானார். தமது பதினைந்தாம் வயதளவில் ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் வாசிக்கும் எழுத்து முறையொன்றை வகுத்தார். 1829 இல் அது நூலாக வெளிவந்தது.

இன்று பல்கலைக்கழகங்களிற் பயிலும் பார்வையற்ற மாணவர்க்குப் பிரெயில் எழுத்தோடு மற்றொரு துணையும் வாய்த்திருக்கின்றது. திரைவாசிப்பான் என்னும் மென்பொருளே அது. கணினித் திரையிலுள்ள எழுத்தை அது குரலாக்கி உரைக்கும். மாணவர் விசைப்பலகையின் உதவியாலே வரிவரியாகவும், சொற்சொல்லாகவும், ஐயமெழுமிடத்து எழுத்தெழுத்தாகவும் கேட்டறிவர். இத்தகைய மென்பொருள்கள் பெரும் பணம் கொடுத்தே பெறவேண்டியனவாயிருந்தன. 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்பவர் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார்; ஜேம்ஸ் தே என்பவர் அவருக்குத் துணைநின்றார். இருவரும் பார்வையற்றவர்கள். அவர்கள் ஆக்கிய மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம்.

கருவி கிடைத்தமையாற் குறை தீர்ந்ததென்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியவர், எம்மிடம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த பார்வையற்ற மாணவர் ஒருவர். விடுமுறையில் எமது இல்லம் வந்த அவரிடம், பல்லாண்டுகளாகத் தட்டச்சுச் செய்து வைத்திருந்த இலக்கிய வரலாற்றுக் குறிப்புகளைப் பெருமிதத்தோடு கொடுத்தோம். அவர் தமது மடிக்கணினியில் அவற்றைத் திறந்தார். தமிழ் வரவில்லை. பொருளற்ற ஆங்கில ஒலிகளே வந்தன.

“பாமினியில் அடித்திருக்கிறீர்கள் போலும், சேர்,” என்று அவர் மெல்ல நகைத்தார். “எங்கள் விரிவுரைக் குறிப்புகளும் பல இப்படித்தான். நண்பர் ஒருவர் வாசித்துக் காட்டுவார். அவருக்கு நேரம் கிடைக்கும்போதே எனக்கும் படிக்கலாம். பரீட்சை நெருங்கினால் அவருக்கும் நேரமிராது.”

நாம் நாணினோம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின்மேற் போர்த்த தமிழ்ப் போர்வைகளே. ‘அம்மா’ என்று நாம் காணுமிடத்து, கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பவற்றையே. கண்ணுடையோர்க்குப் போர்வை தெரிகின்றது. செவியால் வாசிப்போர்க்கு உள்ளிருப்பதே கேட்கின்றது. யூனிகோட் முறையிலோ ஒவ்வொரு தமிழெழுத்துக் குறிக்கும் தனக்கேயுரிய எண் உண்டு. அதனை அறிந்து திரைவாசிப்பான் தமிழாகவே உரைக்கும்.

உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதியை மறுத்தலாகாதென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் விதித்துள்ளது. வாயிலைக் கடந்து உள்ளே வந்த மாணவர்க்குப் பாடக் குறிப்பும் திறந்திருத்தல் வேண்டுமன்றோ? அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆசிரியரும் உடன்கற்போரும் குறிப்புகளை யூனிகோட்டில் எழுதலாம். பழையனவற்றை இணையத்திற் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளாற் சில நொடிகளில் மாற்றலாம். பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதை விடுத்து எழுத்தாகவே அனுப்பலாம். வரைபடமிருப்பின் அதன் பொருளை இரண்டொரு வரியில் விளக்கலாம்.

அன்றிரவே எமது குறிப்புகளை மாற்றியமைத்து அனுப்பினோம். மறுவாரம் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. முழுவதையும் இருமுறை வாசித்து விட்டாராம். “இரண்டிடங்களிற் குறில் நெடிலாகியிருக்கின்றது, சேர்,” என்றும் பணிவுடன் குறித்திருந்தார். பன்முறை பார்த்தும் எமது கண்களுக்குத் தப்பிய பிழைகள் அவை. உடனே திருத்திக்கொண்டோம்.