சிற்றிழையின் ஆட்சி

கண்ணில் உள்ள உயிரணுவும் தசையில் உள்ள உயிரணுவும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியையே உடையன. அங்ஙனமாயின் ஒன்று ஒளியை உணர்வதும் மற்றொன்று சுருங்கி விரிவதும் எவ்வாறு? எல்லா மரபணுக்களும் எல்லா இடத்தும் தொழிற்படுவதில்லை என்பதே விடையாம். மரபணுவின் செய்தி, தூது ஆர்.என்.ஏ. என்னும் இழையாகப் படியெடுக்கப்பெறும். அவ்விழையைக் கொண்டே உயிரணு புரதத்தை ஆக்கும். படியெடாமலே நிறுத்துவது ஒரு முறை. படியெடுத்த பின்னரும் தடுக்கும் முறை ஒன்று விலங்குகளில் உண்டு என்பதை உணர்த்தியது, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழு.

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். பெயரின் நீளம் புழுவின் நீளத்தினும் மிகுதி! இப்புழுவில் லின்-14 என்னும் மரபணு ஆக்கும் புரதம் முதல் இளம்பருவத்திற்கு வேண்டுவது. அது குறைந்தாலன்றி அடுத்த பருவத்திற்குரிய வளர்ச்சி நிகழாது. லின்-4 என்னும் வேறொரு மரபணு பழுதுற்றால், அப்புரதம் குறையாது. புழுவும் முதற்பருவத்து உயிரணுப் பிரிவுகளையே மீண்டும் மீண்டும் நிகழ்த்தும்.

லின்-4 எவ்வாறு அதனைக் குறைக்கின்றது? அமெரிக்க அறிஞராகிய விக்டர் ஆம்ப்ரோஸ் ஆராய்ந்தபோது, அது எப்புரதத்தையும் ஆக்காமல், 22 எழுத்துகளே கொண்ட குறு இழை ஒன்றைத் தருவது புலனாயிற்று. எழுத்துகள் என்றது, ஆர்.என்.ஏ. இழையில் வரிசையுற அமைந்த நால்வகை மூலக்கூறுகளை. கேரி ருவ்குன் என்பார் லின்-14இன் தூது இழையை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் தத்தம் வரிசைகளை ஒப்புநோக்கியபோது, குறு இழையின் எழுத்துகள் தூது இழையின் கடைப்பகுதியிற் பல இடங்களில் இணையத்தக்கனவாய் இருக்கக் கண்டனர். சிற்றிழை அங்கே படிந்து புரத ஆக்கத்தைத் தடுக்கின்றது. 1993இல் வெளிவந்த இவ்வுண்மையை அறிஞருலகம் புழுவின் தனி இயல்பென்றே கருதிவிட்டது. 2000இல் ருவ்குன் குழுவினர் லெட்-7 என்னும் சிற்றிழை மனிதரிடத்தும் இருத்தலைக் காட்டிய பின்னரே பலரும் விழித்தனர். இருவர்க்கும் 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நுண் ஆர்.என்.ஏ. எனப்படும் இவை, முதலில் நீண்ட இழையாகத் தோன்றிக் கொண்டை ஊசிபோல் மடியும். டைசர் முதலிய புரதங்கள் அதனை நறுக்கித் தருகின்றன. ஆர்கோநாட் என்னும் புரதம் நறுக்கைத் தாங்கிச் சென்று தூது இழையிற் சேர்க்கின்றது. ஏழெட்டு எழுத்துகள் இணைந்தாலே பெரும்பாலும் போதும். ஆதலின் ஒரு சிற்றிழை பற்பல மரபணுக்களை அடக்கவல்லது. அவ்வடக்கமும் விளக்கை அணைப்பது அன்று. திரியைச் சற்றே உள்ளிழுப்பது போன்றது. அச்சிறு குறைப்பும் தவறினால் விளைவு கொடிதாம்: டைசரை ஆக்கும் மரபணு பழுதுற்ற குடும்பங்களிற் பிறந்த இளங்குழவிகள் சிலர்க்கு நுரையீரலில் அரிய வகைப் புற்று தோன்றுகின்றது.