மலைமேல் கல்யாணம்: மைக்குக்கும் விளக்குக்கும் எவ்வளவு?

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் வீட்டில் உடனே ஒரு செலவுப் பட்டியல் உதயமாகிவிடும். நகை, பட்டு, சமையல், மண்டபம், பூ, மேளம் என்று பக்கம் நிரம்பிக்கொண்டே போகும். கடைசி வரியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய எழுத்தில், "மைக், லைட்" என்று இரண்டு வார்த்தை இருக்கும். எதிரே ஒரு தொகையும் இருக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மற்றவற்றுக்கெல்லாம் ஒதுக்கியது போக மீந்தது எவ்வளவோ, அதுதான்!

சமவெளியிலேயே இந்தக் கணக்கு உதைக்கும். குன்னூரில் தேயிலைத் தோட்டத்துப் புல்வெளியிலோ, உதகையில் பழைய கல் கட்டடம் ஒன்றிலோ விசேஷத்தை வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இன்னும் பலமாகவே உதைக்கிறது. மைக் செட்காரருடன் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"என்ன தம்பி, நாலு பெட்டி, நாலு விளக்கு. இதற்கா இவ்வளவு? கோயமுத்தூரில் என் நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு இதில் பாதிதானே ஆயிற்று!"

"அங்கே மண்டபத்திலேயே எல்லாம் இருந்திருக்கும், அம்மா. இங்கே புல்லும் மேகமும்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் நான்தான் கொண்டு வர வேண்டும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாதிக்கு முடித்துக் கொடு, தம்பி."

இந்த இடத்தில் அவருக்கு மூன்று வழிகள் உண்டு. 'கட்டாது' என்று எழுந்து போகலாம். சீசனில் ஒரு நாள் வரும்படி போய்விடும். 'பாதிக்கு இன்னது வரும், இன்னது வராது' என்று உட்கார்ந்து விவரம் சொல்லலாம். அல்லது, 'சரி அம்மா' என்று தலையை ஆட்டிவிட்டு, எதைக் குறைத்தோம் என்று சொல்லாமலே குறைத்துவிடலாம். நாம் பயப்பட வேண்டியது இந்த மூன்றாவது வழிக்குத்தான்.

கண்ணில் படாத சிக்கனம்

சொல்லாமல் குறைப்பவர், விருந்தாளிகள் கண்ணில் படும் விளக்கில் கை வைக்க மாட்டார். படாததில்தான் வைப்பார். தடித்த ஒயர் வர வேண்டிய இடத்தில் மெல்லிய ஒயர் வரும். எர்த் இராது. மின்கசிவு கண்டவுடன் தானே அணையும் இ.எல்.சி.பி. சுவிட்சு இராது. விசேஷம் முடியும் வரை கூட நின்று கவனிக்க ஓர் ஆள் இராது. பனியில் நனைந்த புல்தரையில், குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில், இவை இல்லாமல் போவது உயிரோடு விளையாடுவதாகும்.

2004-ஆம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? கல்யாண மண்டபத்து மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுக்க வைத்திருந்த விளக்கின் ஒயரில் மின்கசிவு உண்டாகி, பந்தல் பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். விளக்கும் ஒயரும் வெறும் அலங்காரச் சாமான்கள் என்று நினைப்பவர்கள் அந்த நாளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கென்று சில செலவுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கனமான பெட்டிகளை அத்தனை வளைவுகளிலும் பத்திரமாக ஏற்றி இறக்குவதற்கு வண்டிக் கூலியும் ஆள் கூலியும் கூடத்தான் செய்யும். ஜெனரேட்டரும் மலையில் இளைத்துவிடுகிறது! உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு. டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். ஆகவே கீழே போதுமான ஜெனரேட்டர் மேலே போதாது. பெரியதாகவே கொண்டு வர வேண்டும். சாமான்களைப் பனி ஈரத்திலிருந்து காக்க மூடி வைக்கும் ஏற்பாடும் தேவை. நாத்தனார் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான்.

எதில் குறைக்கலாம்?

கையில் இருப்பது சொற்பம்தான் என்றால் என்ன செய்வது? கவலைப்பட வேண்டாம். குறைக்கத் தகுந்த இடங்களும் நிறைய இருக்கின்றன.

முதலாவது, சத்தத்தின் சக்தி. ஆயிரம் வாட்டுக்குப் பதில் ஐந்நூறு வாட் வைத்தால் குறைவது மூன்று டெசிபல். காதுக்கு அது லேசாகத்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி பத்து மடங்கு வேண்டும்! ஆகையால் சிறிய ஆம்பிளிஃபயருக்குத் தாராளமாகச் சம்மதிக்கலாம். ஆனால் பெட்டிகளை வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் வலு கால் பங்காகிவிடும். மேடையருகே இரண்டு பூதங்களை நிறுத்தினால் முன் வரிசைப் பாட்டிமாருக்குக் காது அடைக்கும். பின் வரிசைக்கு ஒன்றும் கேட்காது. நடுவில் இரண்டு சின்னப் பெட்டிகள் வைத்தால் இரு சாராரும் பிழைப்பார்கள்.

இரண்டாவது, கல் கட்டடங்களில் எழும் எதிரொலி. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு புதிய பிரசங்க மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு வார்த்தை ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிகப் பேராசிரியர், பக்கத்து நாடகக் கொட்டகையின் மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து பரப்பிப் பரப்பிச் சோதித்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. நமக்கும் இது உபயோகப்படும். உயரமான கூரையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள கூடத்தில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் சேர்ப்பதைவிட, மடிப்பு மடிப்பாகக் கனமான திரைகளைத் தொங்கவிடுவது மலிவு, பலனும் அதிகம். தரைக்குப் பவானி ஜமக்காளமோ கம்பளமோ விரித்தால் அதுவும் தன்னாலானதைச் செய்யும்.

மூன்றாவது, வர்ண விளக்குகள். முகத்தில் விழும் வெளிச்சத்துக்குத்தான் முதல் காசு. இரு பக்கத்திலிருந்தும் சற்று உயரத்தில், இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளை விளக்கு இருந்தால் போதும். மணப்பெண் முகமும் அரக்குப் பட்டும் உள்ளபடி தெரியும். நீலமும் ஊதாவும் அடித்தால் மஞ்சள் பூசிய முகம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்.இ.டி. விளக்குகளானால் மின்சாரம் வெகுவாகக் குறையும்; ஜெனரேட்டர் செலவும் இறங்கும். பட்டணத்தில் காசு கொடுத்துப் புகை மெஷின் வைக்கிறார்கள். உதகையில் மேகமே இலவசமாக மேடைக்கு வந்துவிடுகிறது!

நான்காவது, நேரம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. பதினோரு மணிப் பாட்டுக் கச்சேரிக்கென்று வாடகை பேசுவது வீண் செலவு.

பேரத்துக்கு முன்னால்

மைக் செட்காரரிடம் தொகையை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: இந்தத் தொகைக்கு எது வரும், எது வராது, எதை ஒருபோதும் குறைக்க மாட்டார். மூன்றாவது வரியில் ஒயர், எர்த், இ.எல்.சி.பி., கூட நிற்கும் ஆள், இந்த நான்கும் இருக்கட்டும். எழுதித் தரத் தயங்குபவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். எழுதித் தருபவரிடம் அந்த வரியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

வந்தவர்கள் சாப்பாட்டை ஒரு வாரம் பேசுவார்கள். புடவையை ஒரு மாதம் பேசுவார்கள். மைக்கையும் விளக்கையும் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லையென்றால், அந்தக் காசு நல்லபடியாகச் செலவாகியிருக்கிறது என்று அர்த்தம்.