கடல்நீர் மீன்தொட்டி மணற்படுகை

கடல்நீர் மீன்தொட்டி மணற்படுகை என்பது கடல்வாழ் உயிரினங்களை வளர்க்கும் தொட்டியின் அடியில் பரப்பப்படும் மணல் அடுக்கு ஆகும். கல்சியம் கார்பனேட்டால் ஆன அரகோனைட்டு மணல் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இது அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. கழிவுகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் சிறு புழுக்களும் இதில் வாழ்கின்றன. தொட்டியை இடம் மாற்றும்போது பழைய மணலை அப்படியே மீண்டும் இடுவது மீன்கள் இறப்பதற்குக் காரணமாகலாம்.

படுகையில் நிகழும் வேதிமாற்றங்கள்

ஆக்சிசன் மிகுந்த மேலடுக்கில் உள்ள பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைத்திரைட்டாகவும், பின்னர் நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிசன் எட்டாத ஆழத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைத்திரேட்டை நைதரசன் வளிமமாக்கி வெளியேற்றுகின்றன. பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ஜோபேர் மொனாக்கோவில் உருவாக்கிய தொட்டி முறை இத்தன்மையைப் பயன்படுத்துவதாகும். அதில் மணலுக்கு அடியில் ஒரு நீர்வெளி விடப்படுகிறது.

நைத்திரேட்டும் தீர்ந்த இடங்களில் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து ஐதரசன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றமும் மணலின் கருநிறமும் இதன் அடையாளங்கள். படுகை அசையாதவரை இதனால் பெரிய தீங்கில்லை. மேலே பரவும் வளிமம் ஆக்சிசன் உள்ள அடுக்கில் ஆக்சியேற்றம் அடைந்துவிடுகிறது.

இடமாற்றத்தின்போது

மணலை அள்ளும்போது அடுக்குகள் கலந்து, பல மாதங்களாகத் தங்கிய கழிவும் ஐதரசன் சல்பைடும் ஒருசேர நீரில் கலக்கின்றன. நீரின் ஆக்சிசன் குறைகிறது. புதைந்திருந்த புழுக்கள் இறந்து அம்மோனியாவைக் கூட்டுகின்றன. கடல்நீரின் காரத்தன்மை எண் 8.2 அளவில் இருப்பதால், நன்னீர்த் தொட்டியைக் காட்டிலும் இங்கு அம்மோனியாவின் நச்சு வடிவம் மிகுதி. எனவே நன்னீர் மீன் வளர்ப்போரின் பட்டறிவு இதில் முழுமையாக உதவாது.

மணலுடன் தொட்டியைத் தூக்குவதும் தவறு. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு உள்ள ஈரமணல் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையிருக்கும். அச்சுமை ஒருபுறம் சாய்ந்தால் கண்ணாடி வெடிக்கலாம், ஒட்டுகள் பிரியலாம்.

பழைய மணலா, புதிய மணலா

சில செ.மீ. ஆழமே உள்ள, நாற்றமற்ற மணலைத் தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே, கலங்கல் நீங்கும்வரை பலமுறை அலசி மீண்டும் பயன்படுத்தலாம். குழாய்நீரில் அலசினால் அதிலுள்ள குளோரினாலும், உப்புச்செறிவு திடீரெனக் குறைவதாலும் உயிரிகள் பெரும்பாலும் மடியும். அவ்வாறு அலசிய மணல் தூய மணலே, ஆனால் உயிர்மணல் அன்று.

ஆழமான, பல்லாண்டுப் படுகைக்குப் புதிய மணலே ஏற்றது. மணலின் விலை மீன்களின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. பழைய படுகையின் மேலடுக்கிலிருந்து மட்டும், கீழடுக்கைக் கலக்காமல், ஓரிரு கோப்பை மணல் எடுத்துப் புதியதன்மேல் தூவினால் பாக்டீரியாக்களும் புழுக்களும் மீண்டும் பெருகுகின்றன. இதனை வித்திடுதல் எனலாம்.

மணலை மாற்றினால் தொட்டியின் பாக்டீரியாக்கள் அனைத்தும் போய்விடும் என்ற அச்சம் மிகையானது. நுண்துளைகள் நிறைந்த உயிர்ப்பாறைகளிலும் அவை பெருமளவில் வாழ்கின்றன. பாறைகள் வழியில் உலராமல், கடல்நீரில் மூழ்கியபடி கொண்டுசெல்லப்பட வேண்டும். ஆயினும் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை நாள்தோறும் அளந்து, அது தென்பட்டால் உப்புச்செறிவும் வெப்பநிலையும் ஒத்த புதிய கடல்நீரால் ஒரு பகுதி நீரை மாற்றுவது வழக்கம். அதுவரை மீன்களுக்கு உணவும் குறைவாகவே இடப்படுகிறது.