ஓவியமே காணி உறுதி



சென்ற மாதம் உயர்தர வகுப்பில் திணைக் கோட்பாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வழமைபோலச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சேர், நிலத்தைப் பறிகொடுத்தவன் பிறகு எதைப் பாடுவான்?" என்று கேட்டாள். அன்று நான் சொன்ன விடை எனக்கே திருப்தி தரவில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் ஓவியங்களைக் கொண்டு இன்று அதற்கு விடைகாண முயல்கிறேன்.

1788 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சிட்னிக் கரையில் குடியேறினர். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்த அக்கண்டத்தை உரியவரில்லா நிலம் என்றே அவர்களது சட்டம் கொண்டது. எழுத்தில்லாதவரிடம் உறுதி ஏது என்பது வந்தவர்களின் எண்ணம். ஆனால் உறுதி இருக்கவே செய்தது. மரப்பட்டையிலும் மணலிலும் மனித உடலிலும் அது தீட்டப்பட்டிருந்தது. இன்ன கோலத்தை இன்ன குலத்தார்தான் வரையலாம் என்ற கட்டுப்பாடு அவர்களிடம் உண்டு. அக்கோலம் அக்குலத்தாரின் நிலத்தையும் அதனை உருவாக்கிய மூதாதையரையும் குறிப்பதே காரணம்.

அல்பேர்ட் நமட்ஜிரா நீர்வர்ணத்தில் மத்திய அவுஸ்திரேலிய மலைகளைத் தீட்டிப் புகழ்பெற்றவர். ஐரோப்பிய பாணியைப் பின்பற்றியவர் என்று அவரைக் குறைத்துப் பேசியோர் உளர். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவர் திரும்பத்திரும்பத் தீட்டியது தம் முன்னோர் பூமியை என்று அறிந்தபின் அந்த எண்ணம் மாறிற்று. அவரது படங்களை வெள்ளையர் ஆவலோடு வாங்கினர். மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குத்தகைக்குக் கேட்டபோதோ அவருக்கு மறுக்கப்பட்டது. 1957 இல் குடியுரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே உறவினர் ஒருவருக்கு மதுபானம் கொடுத்தார் என்று தண்டனை பெற்றார். 1959 இல் இறந்தார்.

இனி யிர்க்காலாவுக்கு வருவோம். 1963 இல் அங்குள்ள யொல்ங்கு மக்களின் நிலத்தில் ஒரு பகுதியை, அவர்களைக் கேளாமலே, அரசு பொக்சைற் அகழ்வுக்கென ஒதுக்கிற்று. அவர்கள் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுச் செய்த மனுவை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குலக் கோலங்களைத் தீட்டிப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்த அங்கத்தவர்களுக்கு அந்தக் கோலத்தை வாசிக்கத் தெரியவில்லை! சுரங்கம் நிற்கவில்லை. 1971 இல் நீதிமன்றமும் அம்மக்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

உரியவரில்லா நிலம் என்ற கொள்கை 1992 இல், மாபோ வழக்கில்தான் வீழ்ந்தது. அதன்பின் நிகழ்ந்ததே நான் சொல்லவந்த செய்தி. 1997 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பெரும் மணற்பாலைவனத்து மக்கள், தம் காணிக் கோரிக்கைக்குச் சான்றாக எட்டு மீற்றருக்குப் பத்து மீற்றர் அளவில் ஒரு சீலையை விரித்து வர்ணம் தீட்டினர். நீர்நிலைகளே அதில் முக்கியம். பாலையில் நீரை அறிந்தவனுக்கே நிலம் சொந்தம். விசாரணைக்கு வந்தவர்கள் முன்னிலையில் ஒவ்வொருவராக அச்சீலையின்மேல் நடந்து, தத்தம் நீர்நிலை தீட்டப்பட்ட இடத்தில் நின்று, சொந்த மொழியிலே சாட்சி சொன்னார்கள்.

காணி அவர்களுடையதென்று 2007 இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வரைந்தவர்களிற் சிலர் அதற்கு முன்னரே கண்மூடிவிட்டனர்.

கவிதையில் இக்குரலை ஒலித்த ஊட்ஜெரூ நூனுக்கல் பற்றிப் பிறிதொரு நாள் பேசலாம். நாளை வகுப்புக்கு அந்தச் சீலையின் படத்தைக் கொண்டுபோகிறேன். அந்த மாணவி முன்வாங்கில்தான் இருப்பாள்.